ஆஸ்பத்திரிக்குப் போகவே பயம்: வீட்டில் பிள்ளை பெறலாமா?

வாசகி கேட்டது:

மிஸ், எனக்கு வயது 28. ஒட்டுசுட்டானுக்கு உள்ளே ஒரு குளக்கரைக் கிராமத்தில் இருக்கிறோம். கணவர் வயல் செய்கிறார். இரண்டு வருடத்துக்கு முதல், எட்டரை மாதத்தில், என் பிள்ளை வயிற்றுக்குள்ளேயே இறந்துபோனது. முதல்நாளே துடிப்புக் குறைந்த மாதிரி இருந்தது. நாளைக்குக் கிளினிக் தானே என்று இருந்துவிட்டேன். ஆஸ்பத்திரியில் மருந்து வைத்துப் பிறக்க வைத்தார்கள். பக்கத்துக் கட்டிலில் ஒரு பிள்ளை அழுதுகொண்டிருந்தது, நான் தனியாகக் கிடந்தேன். என் பிள்ளையின் முகத்தை ஒழுங்காகப் பார்க்கக்கூட இல்லை. ஏன் இறந்தது என்று ஒருவரும் சொல்லவில்லை. இப்போது ஏழு மாதம். மார்கழிக் கடைசிக்குத் திகதி தந்திருக்கிறார்கள். அந்த லேபர் ரூமை நினைத்தாலே கைகால் நடுங்குகிறது. 1997இல் ஜெயசிக்குறு சண்டை நேரம் அம்மா என்னைக் காட்டுக்குள் ஒரு கொட்டிலில்தான் பெற்றாராம். அப்போது பிள்ளைப்பேறு பார்த்த மருத்துவிச்சி ஆச்சி இப்பவும் எங்கள் ஊரில் இருக்கிறார். லண்டனில் இருக்கும் மச்சாளும் வீட்டில்தான் பெற்றாள். நானும் வீட்டிலேயே பெறலாமா? எங்கள் மிட்வைஃப் மிஸ் வருவாரா? அந்த ஒரு நாள் பொறுத்திருந்தது என் பிழையா?

பதில்:

தங்கச்சி, கடைசிக் கேள்வியில் இருந்து தொடங்குகிறேன். மற்ற இரண்டையும் உங்களைக் கேட்க வைத்தது அதுதான் என்று எனக்குப் படுகிறது.

உங்கள் பிழை இல்லை. நஞ்சுக்கொடி சரியாக வேலை செய்யாமல் ஒட்சிசன் குறையும்போது, கிடைப்பதை மிச்சம் பிடிப்பதற்காகப் பிள்ளை அசைவைக் குறைத்துக்கொள்ளும். தாய்க்கு அது தெரியவரும் நேரத்தில் உள்ளே கனநாளாகவே ஏதோ நடந்துகொண்டிருக்கலாம். அன்று இரவே போயிருந்தால் பிள்ளை தப்பியிருக்குமா என்று இன்றைக்கு எந்த வைத்தியராலும் சொல்ல முடியாது. எல்லாப் பரிசோதனையும் செய்தாலும் காரணம் பிடிபடாத இறப்புகள் நிறைய இருக்கின்றன. துடிப்புக் குறைந்தால் கிளினிக் நாளைப் பார்த்திருக்காமல் உடனே வாருங்கள் என்று தாய்மாருக்கு விளங்கச் சொல்லித்தருவது சுகாதார உத்தியோகத்தரின் கடமை. தாய் தானாக ஊகித்துக்கொள்ள வேண்டிய விஷயம் இல்லை அது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இது உங்கள் இரண்டாவது பிள்ளை. கிளினிக்கில் யாராவது "முதல் பிள்ளையா?" என்று கேட்டால், இல்லை, இரண்டாவது என்று சொல்லுங்கள். கர்ப்பிணிக் கொப்பியிலும் அப்படித்தான் பதிந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் மருத்துவமே பிழையாகிப்போகும். அதோடு, அந்தப் பிள்ளை உங்கள் பிள்ளைதான்.

சரி, வீட்டுக்கு வருவோம். வேண்டாம், தங்கச்சி. உங்கள் நிலையில் வீட்டில் பெறுவதற்குத் திட்டம் போட வேண்டாம்.

அம்மா காட்டுக்குள் உங்களைப் பெற்றது உண்மை. அந்தக் காலத்து வன்னியில் பிள்ளைப்பேறு பார்த்த ஆச்சிமாரின் கையையும் துணிச்சலையும் நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். வன்னியில் மருத்துவமாதாக வேலை செய்த எங்களில் பலருக்குப் பொறுமையைக் கற்றுத்தந்ததே அவர்கள்தான். ஆனால் அன்றைக்கு உங்கள் அம்மாவுக்கு வேறு வழி இருக்கவில்லை. மருந்துக்குத் தடை, பாதை பூட்டு, மேலே கிபிர் குண்டுவிமானம். அப்படிப் பெற்றுத் தப்பியவர்களின் கதையை அவர்களே வந்து எங்களிடம் சொல்கிறார்கள். இரத்தம் போய் அந்தக் கொட்டில்களிலேயே முடிந்துபோன தாய்மாரின் கதையைச் சொல்ல அவர்கள் இல்லை. ஒவ்வொரு ஊரிலும் அப்படி ஒருவராவது இருப்பார், ஆச்சியிடமே கேட்டுப் பாருங்கள். அவர் மறைக்க மாட்டார்.

லண்டன் மச்சாளின் விஷயம் வேறு. அங்கே வீட்டில் பெறுவது சட்டப்படி நடக்கும் ஒரு சேவை. பயிற்சி பெற்ற மிட்வைஃப் மருந்தோடும் ஒட்சிசனோடும் வீட்டுக்கு வருவார், பிரச்சினை என்றால் அம்புலன்ஸில் ஏற்றிவிடுவார். இங்கிலாந்தில் 2011இல் வெளிவந்த பெரிய ஆய்வு ஒன்று, ஆபத்துக் குறைந்த 64,000 பிரசவங்களைப் பார்த்தது. ஏற்கெனவே பிள்ளை பெற்ற பெண்கள் வீட்டில் பெற்றாலும் பிள்ளைக்கு ஆபத்துக் கூடவில்லை. முதல் பிள்ளை என்றால், பிள்ளைக்குப் பெரிய பாதிப்பு வருவது ஆஸ்பத்திரியில் ஆயிரத்துக்கு 5.3, வீட்டில் 9.3. இதை நான் மறைக்கப் போவதில்லை. வீட்டுப் பிரசவம் எல்லாமே பைத்தியக்காரத்தனம் என்று சொல்லும் ஆள் இல்லை நான். ஆனால் அது ஆபத்துக் குறைந்த பெண்களைப் பற்றிய கணக்கு. காரணம் தெரியாமல் வயிற்றுக்குள் ஒரு பிள்ளை இறந்திருந்தால், வைத்திய நிபுணர் இருக்கும் ஆஸ்பத்திரியில் பெறும்படிதான் அதே இங்கிலாந்தின் வழிகாட்டி சொல்கிறது. மச்சாளைப் பார்த்த அதே மிட்வைஃப் உங்களைப் பார்த்திருந்தால், உங்களை ஆஸ்பத்திரிக்குத்தான் போகச் சொல்லியிருப்பார். இரண்டு மூன்று மாதத்தில் கரு கலைந்தவர்களுக்கு இது பொருந்தாது. அது வேறு, நிறையப் பேருக்கு நடப்பது. இதை வாசிக்கும் மற்றத் தங்கச்சிமார் குழம்ப வேண்டாம்.

பயப்படுத்த எழுதவில்லை, ஆனால் ஏன் என்று தெரிந்தால்தான் மனம் ஆறும். நிறைமாதத்தில் கருப்பைக்கு நிமிடத்துக்கு அரை லீற்றருக்கு மேல் இரத்தம் ஓடுகிறது. பிள்ளை பிறந்து, நஞ்சு கழன்று, கருப்பை இறுகினால்தான் அது நிற்கும். இறுகாவிட்டால் ஒரு தாய் இரண்டு மணித்தியாலத்துக்குள் போய்விடலாம். யாருக்கு இறுகாது என்று முன்கூட்டியே சொல்ல முடியாது, நல்ல சுகமாக இருந்த பெண்களுக்கும் நடக்கிறது. அதற்காகத்தான் பிள்ளை பிறந்த கையோடு ஒக்சிரோசின் ஊசி போடுகிறோம். அந்த மருந்தைக் குளிரூட்டியில் வைத்திருக்க வேண்டும். ஆச்சியின் கையில் எவ்வளவு அனுபவம் இருந்தாலும் இந்த ஊசி இல்லை, இரத்தமும் இல்லை. பிள்ளையின் பக்கம் பார்த்தால், பத்துப் பிள்ளைகளில் ஒன்றுக்கு முதல் மூச்சு எடுக்க ஏதாவது உதவி வேண்டியிருக்கும். சிலதுக்குத் துடைத்துத் தட்டினால் போதும். சிலதுக்கு முதல் நிமிடத்துக்குள் முகமூடி வைத்துக் காற்றுக் கொடுக்க வேண்டும். உங்கள் ஊரில் இருந்து இரத்த வங்கியும் சத்திரசிகிச்சைக் கூடமும் இருக்கும் முல்லைத்தீவுக்கோ வவுனியாவுக்கோ கிளிநொச்சிக்கோ போக எவ்வளவு நேரம் எடுக்கும் என்று உங்களுக்கே தெரியும். மாரி மழையில் மதகு மேவிப் பாயும் இரவை நினைத்துக் கணக்குப் போடுங்கள். யானை ரோட்டில் நிற்கும் இரவுகளும் இருக்கின்றன.

நல்ல செய்தியும் ஒன்று இருக்கிறது. இதை யாரும் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். வசதியான நாடுகளில் நடந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, முதல் பிள்ளையை வயிற்றுக்குள் இழந்த தாய்மாரில் நூற்றுக்கு இரண்டு மூன்று பேருக்குத்தான் அடுத்த முறையும் அப்படி நடந்திருந்தது. மற்றவர்களோடு ஒப்பிட்டால் அது நாலைந்து மடங்கு கூட, அதனால்தான் கவனம் தேவை. ஆனாலும் நூற்றில் 97 பேருக்கு அடுத்த முறை அப்படி நடக்கவில்லை.

உங்கள் கடிதத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். தனியாகக் கிடந்தது, ஒருவரும் காரணம் சொல்லாதது, பக்கத்துக் கட்டில் அழுகை, முகம் பார்க்காதது. நீங்கள் பயப்படுவது பிள்ளை பெறுவதற்கு இல்லை, அந்த அறையில் மறுபடியும் அப்படி விடப்படுவதற்கு. அந்தப் பயம் நியாயமானது. தெரிந்த ஒரு கை, நடப்பதை விளங்கச் சொல்லும் ஒரு வாய், எழுந்து நடக்க விடும் ஒரு மனம், இவற்றுக்காகத்தான் நீங்கள் வீட்டைத் தேடுகிறீர்கள். இவற்றில் பெரும்பகுதியை ஆஸ்பத்திரியிலும் வாங்கலாம். ஆனால் தானாக வராது, கேட்டுத்தான் வாங்க வேண்டும். இப்போதே கேட்டால் நேரம் இருக்கிறது.

முதல் வேலை, உங்கள் மிட்வைஃப் மிஸ்ஸிடம் இந்தக் கடிதத்தில் எழுதியதை அப்படியே சொல்லுங்கள். வீட்டில் பெற நினைத்ததையும் சொல்லுங்கள், ஏசுவார் என்று மறைக்க வேண்டாம். வீட்டுக்கு வந்து பிள்ளைப்பேறு பார்ப்பது இப்போது அவருடைய வேலை இல்லை. நாட்டில் நூற்றுக்கு 99க்கு மேற்பட்ட பிரசவங்கள் ஆஸ்பத்திரியில்தான் நடக்கின்றன, அவரின் பையில் அதற்கான சாமானும் இருக்காது. ஆனால் உங்களுக்காகப் பேசக்கூடியவர் அவர். எம்.ஓ.எச் டொக்டரிடம் (உங்கள் பிரதேசத்துச் சுகாதார வைத்திய அதிகாரி) உங்களைக் கூட்டிக்கொண்டு போய், முன்னைய இழப்பையும் உங்கள் பயத்தையும் எழுதி, பெண்நோயியல் நிபுணரின் கிளினிக்குக்கு ஒரு கடிதம் வாங்கித்தரச் சொல்லுங்கள். அந்தப் பழைய ஆஸ்பத்திரிக்குப் போகவே முடியாது என்றால் போகத் தேவையில்லை. அரச வைத்தியசாலை எதற்கும் நீங்கள் போகலாம். மாமி "ராசி இல்லாத இடம்" என்று ஏதும் சொல்லியிருந்தாலும், அதோடு சண்டை பிடிக்காமல் இடத்தை மாற்றிவிடுங்கள்.

இரண்டாவது, ஆஸ்பத்திரியை விட்டு வரும்போது தந்த பழைய டயக்னோசிஸ் கார்ட்டைத் தேடி எடுங்கள். தொலைந்திருந்தால் அந்த ஆஸ்பத்திரிப் பதிவறையில் திகதியையும் பெயரையும் கொடுத்து, உங்கள் பி.எச்.ரி (வாட்டில் இருந்தபோது எழுதிய சிகிச்சைப் பதிவு) இலக்கத்தைக் கேட்டு விபரம் எடுக்கலாம். நீங்கள் போக வேண்டாம், கணவரை அனுப்புங்கள். பிள்ளை வளர்ச்சி குறைந்திருந்ததா, உங்களுக்குப் பிரஷர் இருந்ததா, சீனி இருந்ததா, நஞ்சு முன்கூட்டிக் கழன்றதா என்று அதில் ஏதாவது இருக்கும். நிபுணருக்கு அந்த ஒற்றைத் தாள் பெரிய உதவி. அதை வைத்துத்தான் சீனிப் பரிசோதனை, சிறுநீரில் புரதம், இரத்த வகையில் நெகட்டிவ் பிரச்சினை, இரத்தம் உறையும் கோளாறு என்று எதை மறுபடி பார்ப்பது என முடிவெடுப்பார். வவுனியா, முல்லைத்தீவுப் பக்கத்தில் சிறுநீரக நோய் இருக்கும் குடும்பங்கள் உண்டு. உங்கள் வீட்டில் யாருக்கும் இருந்தால் அதையும் சொல்லுங்கள். பிள்ளை ஒழுங்காக வளர்கிறதா என்று பார்க்க ஸ்கான் எத்தனை தடவை, எப்போது என்று கேட்டுக் கொப்பியில் எழுதுவியுங்கள்.

நிபுணரிடம் இன்னொரு கேள்வியும் கேளுங்கள்: திகதி வரை பார்த்திருக்க வேண்டுமா? முன்னர் இப்படி இழந்தவர்களுக்கு 39 வாரமளவில் மருந்து வைத்துப் பிறக்க வைப்பதைப் பற்றிப் பல வைத்தியர்கள் கதைப்பார்கள். மருந்து வைப்பது என்றவுடன் பழைய நினைவு வந்து நடுங்கும், தெரியும். ஆனால் இந்த முறை உயிரோடு இருக்கும் பிள்ளைக்காக, நாள் குறித்து, பகல் வெளிச்சத்தில், துணையோடு போகிறீர்கள். உங்களுக்கு அது சரிவருமா என்று அவரே சொல்லட்டும்.

துணை என்றேனே, அதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். பிரசவ நேரத்தில் தாய் விரும்பும் ஒருவர் தொடர்ந்து பக்கத்தில் இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. அப்படி ஒருவர் இருந்தால் வலி நேரம் குறைகிறது, ஒப்பரேஷனும் குறைகிறது என்று ஆய்வுகளில் தெளிவாகக் கண்டிருக்கிறார்கள். எங்கள் அரச ஆஸ்பத்திரிகள் பலவற்றில் ஒரு பெண்ணை உள்ளே விடுவார்கள். வாட்டுக்கு வாட் நடைமுறை வேறாக இருக்கும், அதனால் வலி வந்த பிறகு வாசலில் நின்று கெஞ்சாமல் இப்போதே லேபர் ரூமுக்குப் பொறுப்பான மிஸ்ஸியைச் சந்தித்துக் கேளுங்கள். யாரைக் கூட்டிப்போவது? நான் என்றால் அந்த ஆச்சியைத்தான் சொல்வேன். உடம்பு இடம் கொடுத்தால் அவர் வரட்டும், இல்லாவிட்டால் அம்மா. உங்களைப் பிறக்கவைத்த கை உங்கள் முதுகைத் தடவிக்கொண்டு நிற்கட்டும், ஊசியையும் இரத்தத்தையும் மற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள். ஆனால் வலி வரவைக்க ஆமணக்கெண்ணெயோ கசாயமோ கொடுப்பதும், வயிற்றை அமத்துவதும் வேண்டாம் என்று அவரிடம் அன்பாகச் சொல்லிவிடுங்கள்.

அந்தச் சந்திப்பின்போது லேபர் ரூமை வலி வர முதலே ஒருமுறை போய்ப் பாருங்கள். எந்தக் கட்டில், கழிப்பறை எங்கே, யார் யார் நிற்பார்கள் என்று தெரிந்துகொண்டால் பயம் கொஞ்சம் இறங்கும். வாசலோடு திரும்பி வந்தாலும் பரவாயில்லை, அடுத்த கிழமை மறுபடி போகலாம். "என் முன்னைய பிள்ளை இறந்து பிறந்தது. பரிசோதிக்க முதல் சொல்லிவிட்டுத் தொடுங்கள், பிள்ளையின் இதயத்துடிப்பை எனக்கும் கேட்க விடுங்கள்" என்று ஒரு தாளில் எழுதிக் கொப்பியின் முதல் பக்கத்தில் ஒட்டுங்கள். வலி நேரத்தில் வாயால் சொல்ல வராது. ஷிஃப்ட் மாறி வருகிறவரும் அதை வாசிப்பார். இப்படி எழுதியதற்காக யாராவது முகம் சுழித்தால் சுழிக்கட்டும்.

இனி இப்போதிருந்து வீட்டில் செய்ய வேண்டியது. உங்கள் பிள்ளையின் துடிப்புக்கு ஒரு பழக்கம் இருக்கும், எந்த நேரம் கூட, எந்த நேரம் குறைய என்று. அந்தப் பழக்கம் மாறினால், குறைந்தால், அந்த மணித்தியாலமே கிளம்புங்கள். இனிப்புக் குடித்துப் பார்ப்போம், விடியட்டும், கிளினிக் நாளைக்குத்தானே என்ற கதையே வேண்டாம். பத்துத் தடவை போய்ப் பத்துத் தடவையும் "ஒன்றுமில்லை" என்று திருப்பி அனுப்பினாலும் பதினோராவது தடவையும் போகலாம், அதற்கு உங்களுக்கு உரிமை இருக்கிறது. படுக்கும்போது நிமிர்ந்து படுக்காமல் பக்கவாட்டில் படுங்கள். இடமோ வலமோ எதுவும் சரி. இடையில் விழித்துப் பார்க்கும்போது நிமிர்ந்திருந்தால் பயப்படாமல் திரும்பிப் படுத்தால் போதும். கடும் தலையிடி, கண் மங்கல், முகம் கை வீக்கம், இரத்தம் படுதல், தண்ணீர் உடைதல், இவற்றில் எதுவாக இருந்தாலும் அதே அவசரம்தான்.

மார்கழிக் கடைசி என்பது மழைக்காலத்தின் நடு. திகதிக்கு இரண்டு கிழமை முதலே முல்லைத்தீவு டவுனிலோ, நீங்கள் தெரிவுசெய்த ஆஸ்பத்திரிக்குக் கிட்டவோ சொந்தக்காரர் வீட்டில் போய் இருங்கள். அப்படி யாரும் இல்லையென்றால், தூரத்தையும் முன்னைய இழப்பையும் காட்டி வாட்டில் முன்கூட்டி அனுமதிக்கச் சொல்லி டொக்டரிடம் கேளுங்கள். (புதுக்குடியிருப்புப் பக்கம் இருக்கும் தாய்மாருக்கும் இதையே சொல்வேன். வட்டுவாகல் பாலம் மேவினால் முல்லைத்தீவு கிட்டவாகத் தெரிந்தாலும் எட்டாது.) ஒருமுறை பிள்ளை பிறந்த உடம்பு என்பதால் இந்தப் பிரசவம் கெதியாக நடக்கக்கூடும். அதனால் வலி தொடங்கியதும் வெளிக்கிட வேண்டும், இறுகட்டும் என்று இருக்கக் கூடாது. 1990 இலவச அம்புலன்ஸை எப்படிக் கூப்பிடுவது என்று கணவரோடு கதைத்து வையுங்கள். பள்ளிக்கூடமோ கோவிலோ, சாரதிக்கு விளங்கும் ஒரு அடையாளம் சொல்லத் தெரிய வேண்டும். ஊரில் போன் சிக்னல் எங்கே நின்றால் எடுக்கும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். அதை மட்டும் நம்பாமல், ஊரில் ஒரு ஓட்டோக்காரரிடமும் சொல்லி வையுங்கள்.

இவ்வளவும் செய்தும் வழியிலோ வீட்டிலோ பிள்ளை வந்துவிட்டால்? அதையும் ஆச்சிக்கும் கணவருக்கும் வாசித்துக் காட்டுங்கள். 1990க்கு அடித்துவிட்டு, வெளிவரும் பிள்ளையை இழுக்காமல் கையில் ஏந்த வேண்டும். உடனே சுத்தமான துணியால் நன்றாகத் துடைத்து, உங்கள் வெறும் நெஞ்சில் போட்டு, இரண்டு பேரையும் சேர்த்துப் போர்த்தி, தலையையும் மூட வேண்டும். துடைத்தும் மூச்சு வராவிட்டால் முதுகைத் தடவ வேண்டும். தலைகீழாகத் தூக்கவோ தண்ணீர் தெளிக்கவோ கூடாது. தொப்புள்கொடியை வெட்ட அவசரமே இல்லை, நஞ்சோடு சேர்த்தே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரலாம். பழைய பிளேட்டும் சாம்பலும் மஞ்சளும் கொடிக்குக் கிட்ட வர வேண்டாம். நஞ்சைப் பிடித்து இழுக்கக் கூடாது. பிள்ளையை மார்பில் சூப்ப விடுங்கள், அதுவே கருப்பையை இறுக்கும். நஞ்சு வந்த பிறகும் இரத்தம் நிற்காவிட்டால், தொப்புளுக்குக் கீழே கையை வைத்துக் கருப்பை கல்லுப்போல் இறுகும்வரை உருட்டித் தேய்த்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும்.

வேதுத் தண்ணீர், காயச்சரக்கு, உடம்பு பிடித்துவிடுவது எல்லாம் வீட்டுக்கு வந்த பிறகு ஆச்சியின் பொறுப்பு. அதை நான் தடுக்க மாட்டேன், பிள்ளைக்கு மட்டும் தாய்ப்பாலைத் தவிர வேறொன்றும் வேண்டாம். முதல் பத்து நாளுக்குள் மிட்வைஃப் மிஸ் இரண்டு தடவை வீட்டுக்கு வருவார். பிள்ளை கையில் இருந்தும் அழுகை வந்தால், மூச்சு இருக்கிறதா என்று இரவெல்லாம் தொட்டுப் பார்த்து நித்திரை கெட்டால், அவரிடம் சொல்லுங்கள். முதல் பிள்ளைக்காக அடக்கி வைத்த அழுகை அப்போதுதான் வெளியே வரும் தாய்மார் இருக்கிறார்கள். அதற்கும் ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது. அவசரமாக யாரோடாவது கதைக்க வேண்டும் என்றால் மனநல உதவி இலக்கமான 1926க்கு அடிக்கலாம்.

அடுத்த கிளினிக்குக்குக் கணவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். நிபுணர் என்ன சொன்னார், துணைக்கு ஆள் விடுவார்களாமா என்று எனக்கு எழுதுங்கள். விட மாட்டோம் என்று சொன்னால், அதற்கு அடுத்து யாரிடம் கேட்பது என்று பதில் எழுதுகிறேன்.